ஓரத்துப் புள்ளிகள்

அகழ்வு முகாம்
12.1.1974

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தம்பி வீரய்யா எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். நான் சுகம்தான். வயிறு மட்டும் இந்த ஊர்ச் சோள ரொட்டியோடு இன்னும் சமாதானமாகவில்லை. மருமகள் தனத்துக்கு ஆறாம் வகுப்பு தொடங்கிவிட்டதா? மச்சானின் சளி விட்டதா?

எனக்கு இந்தியப் பிரஜை என்று காகிதம் கொடுத்து அங்கிருந்து கப்பலேற்றி இரண்டு வருஷமாகிறது. அதற்குள் எத்தனை வேலைக்குப் போய் எத்தனையிலிருந்து துரத்தப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். இது நிலைக்கும் போலிருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு மேட்டைத் தோண்டுகிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து வரும் பானை, கல், எலும்பு எல்லாவற்றையும் அளந்து படம் வரைந்து கொடுப்பது என் வேலை. மச்சான் கண்டி முனிசிப்பல் கந்தோரில் தன் வரைபலகைக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, “அளக்காத கோட்ட போடாதடா” என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது.

மச்சானுக்கு ஒரு செய்தி. போன கிழமை ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. மூவாயிரம் வருஷத்துக்கும் மேலே இருக்கும் என்கிறார் எங்கள் அதிகாரி தேஷ்பாண்டே. மண்டையோட்டில் இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை. அடிபட்டு உடைந்ததில்லை. கல் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், உயிரோடிருக்கும்போதே. தலைவலிக்கோ வலிப்புக்கோ பார்த்த வைத்தியம். காஷ்மீரில் இப்படி ஒன்று முன்பே அகப்பட்டிருக்கிறதாம்.

அவன் பிழைத்தானா என்பதை ஓட்டையின் ஓரம் சொல்லும். பிழைத்திருந்தால் எலும்பு வளர்ந்து ஓரம் வழவழவென்று உருண்டிருக்கும். உடனே செத்திருந்தால் வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே கூராக நிற்கும். படத்தில் அதற்கு முறை இருக்கிறது மச்சான். கூரான ஓரத்துக்கு ஒற்றைக் கோடு. வளர்ந்த ஓரத்துக்குப் புள்ளிகள், உள்ளே நெருக்கமாக, வெளியே போகப் போக ஐதாக. எங்கள் ஆளின் ஓரத்தில் சுண்ணாம்பு மண் இறுகிக் கிடக்கிறது. அதை எடுக்கும் வரை கோடா புள்ளியா என்று தெரியாது.

கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு என் பேரிலும் ஒரு தேங்காய் உடை அக்கா.

உன் தம்பி,
வீரய்யா


கட்டுக்கலை, கண்டி
3.2.1974

அன்புத் தம்பி வீரய்யாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் பிள்ளையார் புண்ணியத்தில் இருக்கிறோம். நீ காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருந்தால் எனக்கு அது போதும். தேங்காய் உடைத்தாயிற்று. தேங்காய் விற்கிற விலையில் அடுத்த தரம் மனசால் உடைத்துக்கொள்.

இந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வரும் கடிதத்தை நான் சத்தமாக வாசிப்பேன், உன் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போகும் கடிதத்தையும் வாசித்துக் காட்டி, அவர் “ம்” என்ற பிறகுதான் உறையை ஒட்டுவேன். உன் கடிதத்தை மூன்று தரம் வாசிக்க வைத்தார். புள்ளி, கோடு என்கிற இடம் வந்ததும், “நம்ம மேப்புல மலைக்கு சரிவு காட்டுற மாதிரிதான் புள்ள. எலும்பும் மலைதானே” என்றார். மறுநாள் கந்தோரில் பியூன் முதல் எஞ்சினியர் வரை எல்லாரிடமும் என் மச்சினன் மூவாயிரம் வருஷத்து மனுசனைப் படம் பிடிக்கிறான் என்று அளந்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்த மனுசனை நீங்கள் எல்லாம் கை வைத்துத் தூக்குகிறீர்களா? வேலை முடிந்ததும் தலைக்குக் குளி. சொன்னால் சிரிப்பாய், ஆனாலும் குளி.

மச்சானுக்குச் சளி விட்டது. தலையிடி மட்டும் காலையில் வருகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். போன வாரம் மஹியாவைப் பக்கத்து வடிகான் பிளானில் மைப் போத்தலைச் சரித்துவிட்டார். அவர் கையிலிருந்து மை சிந்தி நான் பார்த்ததில்லை. ஒரு மாத வேலை போயிற்று. கை வழுக்கிவிட்டதாம்.

பாண் ரொட்டிக்குக் கியூவில் நிற்கப் போக வேண்டும். தனம் உனக்கு முத்தம் சொல்கிறாள். உன் தலைக்காரன் பிழைத்தானா என்று அடுத்த கடிதத்தில் மச்சானுக்கு மறக்காமல் எழுது.

அக்கா,
புஷ்பம்


அகழ்வு முகாம்
24.2.1974

அன்புள்ள அக்கா, மச்சான்,

இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மற்றபடி தேக சுகத்துக்குக் குறைவில்லை. தினமும் தலைக்குக் குளிக்கிறேன், கவலைப்படாதே.

ஓரம் இன்னும் சுத்தமாகவில்லை. தேஷ்பாண்டே மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் ஒரு நாளைக்கு ஓர் அரிசி அளவு மண்தான் எடுக்கிறார். அவரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு என்கிற நாட்டில் இப்படித் துளை போட்ட மண்டையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றனவாம். நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள். ஒரே தலையில் ஆறிப்போன துளைகள் இரண்டு மூன்று இருக்கிற படத்தைக்கூடப் பார்த்தேன். ஒரு தரம் பிழைத்தவன் இன்னொரு தரம் போய் உட்கார்ந்திருக்கிறான், பாரேன்.

எங்கள் ஆளின் தலைக்கு அடியில் ஒரு தட்டையான கல் வைத்திருந்தார்கள், தலையணை மாதிரி. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி. யாரோ அவனைப் பரிவோடு கவனித்திருக்கிறார்கள்.

மச்சானைக் கண்ணாடி மாற்றச் சொல். கை வழுக்கியது என்று எழுதியிருந்தாயே, ஒரு நாளா, அடிக்கடியா?

வீரய்யா


கண்டி
30.3.1974

தம்பி வீரய்யாவுக்கு,

நீ சுகமாயிரு. இந்தக் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. பளீல் நானாவின் காகிதக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அலவத்துகொடவிலிருந்து காலையில் வந்து கடையைத் திறக்கிறவர், நான் வந்து நின்றதும் ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்கிறார்.

அடிக்கடிதான் தம்பி. உன் கடிதம் வந்த மறுநாள் கந்தோரில் பலகைக்கு முன்னால் விழுந்துவிட்டார். கைகால் இழுத்து வாயில் நுரை. கண்டியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பிப் படம் எடுத்தார்கள். தலைக்குள்ளே இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறதாம். மண்டையைத் திறந்து எடுக்க வேண்டும் என்கிறார் இங்கே கண்டி டாக்டர். எடுக்காவிட்டால் வலது கை முழுதாகப் போகும், பிறகு பேச்சு போகும், பிறகு பார்வை. ஒரு வருஷம் தாண்டாது. எடுத்தால் பிழைப்பது பாதிக்குப் பாதி. நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார்.

காகிதத்தில் இவரும் கையெழுத்துப் போட வேண்டும், நானும் போட வேண்டும். இவருக்குப் பேனா பிடித்தால் கை நடுங்குகிறது. கைநாட்டு வைக்கலாம் என்றார்கள். “இருபத்தஞ்சு வருஷம் கோடு போட்ட கை டொக்டர், மையில தோய்க்க மாட்டேன்” என்று எழுந்து வந்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் சொல்கிறார், “நீ போடு புஷ்பம், அது போதும்னு கேட்டுக்கிட்டேன். நீ போட்டா போறோம். போடலன்னா வீட்டுல இருக்கோம். ஒன் மனசுக்கு ஒப்பாம நான் தலையக் குடுக்க மாட்டேன்.”

என்னால் முடியாது வீரய்யா. பாதிக்குப் பாதி என்றால் என் கையால் அவரைக் கொல்லச் சம்மதிக்கிற மாதிரி இருக்கிறது. போடாமலிருந்தால் தினம் தினம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்றுச் சோறு பிசைய முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டார். தனம் ஊட்டிவிட்டாள். சித்திரை, வைகாசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார் டாக்டர்.

தினமும் ஒரு தரம் கேட்கிறார், அந்தத் தலைக்காரன் பிழைச்சானா, தம்பி எழுதினானா என்று. அவனுக்கும் இடது பக்கம்தானே. தெரிந்ததை எழுது. அதை அவருக்கு வாசிப்பேன்.

புஷ்பம்


அகழ்வு முகாம்
14.4.1974

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இன்று வருஷப் பிறப்பு. இங்கே யாருக்கும் தெரியாது. நான் மட்டும் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு உங்களை நினைத்துக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். இந்த வருஷம் நமக்கு நல்லதாகவே விடியும்.

மச்சான், ஓரம் சுத்தமாகிவிட்டது. பிழைத்திருக்கிறான். விரலை வைத்துத் தடவினால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. அறுத்த பிறகு பத்து வருஷமாவது இருந்திருப்பான் என்கிறார் தேஷ்பாண்டே. பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான். மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை, கல் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு பிழைக்க வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எவ்வளவோ வசதி இருக்கிறது. பெருவில் பாதிக்கு மேலே பிழைத்தார்கள் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

அக்கா, நீ ஒன்றும் யோசிக்காமல் கையெழுத்தைப் போடு. மச்சான் மறுபடி பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். வடிகான் பிளானை யார் முடிப்பது?

என் பேரில் தேங்காய் உடை. மனசால் வேண்டாம், உண்மையாகவே உடை. பணம் அனுப்ப வழி இல்லாமல்தான் சும்மா இருக்கிறேன்.

உங்கள்,
வீரய்யா


கட்டுக்கலை, கண்டி
2.5.1974

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ பத்திரம். உன் கடிதத்தை வாசித்தேன். மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு, “படத்த அனுப்பச் சொல்லு. பய எப்படி வரைஞ்சிருக்கான்னு பாக்கணும்” என்றார்.

எனக்கும் பார்க்க வேண்டும். நீ சொல்வதை நம்பாமல் இல்லை. இரண்டு தரம் டாக்டரின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். கால் உள்ளே போகமாட்டேன் என்கிறது. அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பார்த்தால் போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன். வைகாசி முடிய முன் அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மச்சானின் ஆசீர்வாதம். தனத்தின் முத்தம்.

புஷ்பம்


அகழ்வு முகாம்
25.5.1974

அன்புள்ள அக்கா, மச்சான்,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம். எனக்குச் சுகத்தில் குறையில்லை. மச்சானின் உடம்பை நினைத்துத்தான் எந்நேரமும்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அசலின் மேல் மெல்லிய தாளை வைத்து எடுத்தது. அளவெல்லாம் சரி. நானே அளந்தது.

வேறென்ன எழுத. தைரியமாயிரு அக்கா.

வீரய்யா


கட்டுக்கலை, கண்டி
16.6.1974

அன்புள்ள தம்பி வீரய்யாவுக்கு,

அக்கா எழுதுவது. நீ நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே விடாத மழை. மச்சான் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் படம் வந்தது. மழையில் உறை கொஞ்சம் நனைந்திருந்தது, படத்துக்கு ஒன்றுமில்லை. மச்சான் மூன்று நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். யன்னலோரம் பலகையில் ஒட்டிவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தபடி இருந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். “இங்க பாரு புள்ள, ஓரத்தச் சுத்திப் புள்ளி. தம்பி சொன்னது சரிதான். எலும்பு வளந்திருக்கு” என்று விரலால் காட்டினார்.

நன்றாக வரைந்திருக்கிறாய். புள்ளிகள் சில தடித்தும் சில நீண்டும் இருக்கின்றன. அவசரத்தில் வைத்தாயோ என்று கேட்டேன். “பயலுக்குக் கை பழகணும், பொறுமையில்லாதவன்” என்று உன் மச்சான் சிரிக்கிறார். அவர் சிரித்து மூன்று மாதமாகிறது.

அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். 20ஆம் தேதி கொழும்புக்குப் போகிறோம். பளீல் நானா தன் வானிலேயே கூட்டிக்கொண்டு போகிறார், குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தனம் அவர் வீட்டில் அவர் மகள் றம்லத்தோடு இருப்பாள். 24ஆம் தேதி ஆபரேஷன். நீ அன்றைக்கு ஒரு வேளை விரதம் இரு.

வாசித்துக் காட்டினேன். “ம்” என்று சொல்லிவிட்டார். ஒட்டுகிறேன்.

அக்கா,
புஷ்பம்


அலவத்துகொட
4.7.1974

அன்பின் தம்பி வீரய்யா அவர்களுக்கு,

காகிதக் கடை பளீல் நானா எழுதிக்கொள்வது. உங்களுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தையும் பொறுமையையும் தர வேண்டும். தந்தி அடித்தோம். உங்கள் முகாமுக்குத் தந்தி வருமோ வராதோ தெரியாது என்று அக்கா சொன்னபடியால் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் சேதுராமன் கடந்த 29ஆம் தேதி காலை ஆறரை மணிக்குக் காலமாகிவிட்டார். ஆபரேஷன் நடந்தது. கட்டியையும் எடுத்தார்கள். இரண்டு நாள் கண் திறந்து பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து நினைவு போய்விட்டது. டாக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்தார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

என்னுடைய வானில்தான் கொண்டுவந்தோம். கடுகண்ணாவ ஏற்றத்தில் மழையும் பனியும். அக்கா வழி முழுக்க அவருடைய தலைக்கட்டைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தா, குலுங்கும் என்று. நான் வண்டியை மெதுவாக விட்டேன். மஹியாவைச் சுடலையில் காரியம் முடிந்தது. முனிசிப்பல் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள்.

இருபது வருஷமாக என்னிடம் மையும் பேனாமுள்ளும் வாங்கின மனுசன். சித்திரை மாதம் வந்து இனி எனக்கு இது தேவைப்படாது நானா என்று சொல்லிவிட்டுப் போனவர், வைகாசிக் கடைசியில் திரும்பி வந்து மிக மெல்லிய முள் ஒன்று கேட்டார். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா இப்போது எழுதும் நிலையில் இல்லை. பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எம். பளீல்


அகழ்வு முகாம்
20.8.1974

அக்கா,

எப்படியிருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. வர முயன்றேன். பாஸ்போர்ட் எடுக்கவே ஆறு மாதம் என்றார்கள். நாலு தரம் உனக்கு எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அந்த ஆள் பிழைக்கவில்லை அக்கா. பங்குனியிலேயே ஓரம் சுத்தமாகிவிட்டது. கூரான ஓரம், விரலை வைத்தால் கீறும். அறுத்த அன்றைக்கோ மறுநாளோ செத்திருக்கிறான். உன் கடிதம் கைக்கு வந்தபோது அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வருஷப் பிறப்பன்றைக்கு உட்கார்ந்து அந்தப் பொய்யை எழுதினேன். கையெழுத்துப் போடாமல் மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பெருவில் பிழைத்தவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. இவனைப் பற்றி மட்டும் பொய்.

பிறகு படம் கேட்டாய். அதிலும் பொய் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்துப் புள்ளி வைக்கப் போனால் மச்சான் பின்னால் நின்று குட்டுகிற மாதிரி இருந்தது. கை ஓடவில்லை. கடைசியில் கோட்டையே போட்டு அனுப்பினேன். நீ ஓட்டையைத்தான் பார்ப்பாய், ஓரத்தைப் பார்க்கத் தெரியாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மச்சானும் பார்ப்பார் என்பதையும், முறையைச் சொல்லித் தந்ததே நான்தான் என்பதையும் வேண்டுமென்றே மறந்தேன்.

உன் ஆனி மாதக் கடிதத்தில் புள்ளி புள்ளி என்று இருந்ததைத் திரும்பவும் வாசித்தேன். அந்தப் புள்ளிகளை நான் வைக்கவில்லை அக்கா. ஒன்றுகூட நான் வைக்கவில்லை. யார் வைத்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தந்தி அடிக்க டவுனுக்கு ஓடினேன். போகிற வழியில்தான் நாளைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து ஒரு கிழமை தாண்டியிருந்தது.

நான் தொடங்கிய பொய்யை மச்சான் முடித்துவைத்திருக்கிறார். ஆனால் உன்னிடம் கையெழுத்தை வாங்கியது நான். என்னைத் திட்டி ஒரு வரி எழுது. எழுத மனமில்லாவிட்டால் இந்தக் கடிதத்தையாவது வைத்துக்கொள்.

வீரய்யா


கட்டுக்கலை, கண்டி
6.10.1974

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று முதலில் எழுது. நானும் தனமும் இருக்கிறோம். முனிசிப்பலில் எனக்கு நூலகத்தில் ஒரு வேலை தருகிறதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனம் நன்றாகப் படிக்கிறாள்.

உன் கடிதத்தைச் சத்தமாகத்தான் வாசித்தேன். பழக்கம் போகமாட்டேன் என்கிறது. அவருடைய கதிரையைப் பார்த்துக்கொண்டு வாசித்து முடித்துவிட்டு, “ம்” வரும் என்று கொஞ்ச நேரம் இருந்தேன்.

திட்டச் சொல்கிறாய். திட்டுகிறேன். நீ செய்தது பிழை. தெரியாது என்று எழுதியிருக்கலாம், இன்னும் மண் போகவில்லை என்று எழுதியிருக்கலாம். மூன்று மாதம் உன் மேல் எனக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் நீ என்னை ஏமாற்றவில்லை வீரய்யா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் படம் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் உறையைப் பிரித்தேன். மூன்று தரம் சத்தமாக வாசித்த எனக்கு முறை மறந்துபோகுமா? ஓரம் முழுக்க ஒற்றைக் கோடு. குசினியில் பலகைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். கிழித்து அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். பிறகு அவருடைய பெட்டியைத் திறந்து பேனாவைக்கூட எடுத்தேன், நானே புள்ளி வைக்கலாம் என்று. பயமாக இருந்தது. கடைசியில் சோற்றுப் பசை தடவி உறையை ஒட்டி, இப்போதுதான் வந்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே பார்க்கட்டும், கோடு என்று அவர் வாயாலேயே சொல்லட்டும், வேண்டாம் வீட்டில் இருப்போம் என்று அவரே முடிவெடுக்கட்டும் என்று நினைத்தேன். என்னால் சொல்ல முடியாததை அவர் தலையில் கட்டினேன். “உறை ஈரமா இருக்கே” என்றார். மழை என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது ஓரத்தைச் சுற்றிப் புள்ளி. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வைத்திருக்கிறார். மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு இருந்தது. நடுங்குகிற கையால் கோடு போட முடியாது, புள்ளி வைக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அளக்காமல் வைத்தது அது ஒன்றுதான். ஆபரேஷனுக்குப் போக அவருக்கு அவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு, பிள்ளை ஊட்ட, ஒரு வருஷம் கிடக்க அவருக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் நான் அழுதே தடுத்திருப்பேன். அதனால் படத்தில் சொல்லிவிட்டார். நானும் பார்த்துவிட்டு, ஆமாம் புள்ளிதான் என்றேன். அவர் பக்கத்தில் இருக்க அந்தக் கடிதத்தை எழுதினேன். நீ குழம்பப் போகிறாய் என்று தெரிந்தும் அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி ஒட்டினேன். அதனால் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். உன் பொய்க்கு அதில் பங்கில்லை.

உன் தலைக்காரனை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவனுக்கும் யாரோ ஒருத்தி சரி என்று சொல்லியிருப்பாள். தலைக்குக் கல்லும் பக்கத்தில் சட்டியும் வைத்தவள் அவளாகத்தான் இருக்கும். பெருவில் பிழைத்தவர்களின் வீட்டுப் பெண்கள் அன்றைக்கு எப்படிச் சோறாக்கியிருப்பார்கள் என்றும் நினைக்கிறேன். உங்கள் அதிகாரிக்குக் கொடுக்கிற படத்தில் கோடாகவே இருக்கட்டும். உன் மச்சானும் அதைத்தான் சொல்லுவார். என்னிடம் இருப்பதைத் திருப்பிக் கேட்காதே. அலுமாரியில், அவர் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று அதை எடுத்து வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். கீழே இடது பக்கம் அரை அங்குலம் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் உன் கோடு மட்டும் இருக்கிறது. எப்படி விட்டார் என்று யோசித்தேன், இப்போது ஞாபகம் வருகிறது. மூன்றாம் நாள் பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். சாத்தியிருந்த கதவைத் தள்ளும்போது மைப் போத்தலை மூடுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்.

அக்கா,
புஷ்பம்